ஸ்கோனுக்கு ஒரு பொன்னாடை: ராடாஸ் கார்னிஷ் கிளாட்டட் கிரீம்

ஆங்கிலேயரின் பிற்பகல் தேநீர் விருந்தை வீட்டிலேயே நடத்த விரும்புகிறவர்கள், மூன்றடுக்குத் தட்டையும் பூப்போட்ட கோப்பைகளையும் தேடி அலைவதற்கு முன்பு ஸ்கோன் என்ற சிறு ரொட்டியில் தடவ நல்ல கிளாட்டட் கிரீமை, அதாவது கெட்டியான பாலாடைக் கிரீமை, வாங்கிவிட வேண்டும் என்பது, நண்பர்கள் மூவரை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நடத்திப் பார்த்த என் முடிவு. நான் வாங்கியது, தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலில் ரெட்ரூத் ஊருக்கு அருகே 1890 முதல் இயங்கிவரும் ராடாஸ் நிறுவனத்தின் 227 கிராம் டப்பா.

மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது வெண்மை அல்ல, பொன்னிறமான ஒரு மேலாடை. கொழுப்பு மிகுந்த கிரீமை மெல்லச் சூடாக்கி, பிறகு கலக்காமல் ஆறவிடுவதால் அது படிகிறது. காய்ச்சிய பாலின் ஆடையை விரலால் வழித்துத் தின்று திட்டு வாங்கியவர்களுக்கு அந்தச் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை. அடியில் இருப்பது வெண்ணெயைவிட இளகியது, கிரீமைவிட இறுகியது. உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ‘கார்னிஷ் கிளாட்டட் கிரீம்’ என்ற பெயர் 1998 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதில் குறைந்தது 55 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். அடித்து நுரைக்கவைத்த விப்பிங் கிரீம் வெதுவெதுப்பான ஸ்கோனில் உருகி வழிந்துவிடும்; இது நிற்கிறது.

ஸ்கோனுக்கு, பேக்கிங் பவுடர் கலந்தே வரும் செல்ஃப் ரெய்சிங் மாவு 225 கிராமில் 55 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்து, சிறிது சர்க்கரையும் 150 மில்லி பாலும் சேர்த்து அதிகம் பிசையாமல் திரட்டி, 220 டிகிரியில் 12 நிமிடம் சுட்டேன். முதல் ஈடு கோணலாக எழும்பியது. வட்ட அச்சைத் திருகி எடுத்ததால் ஓரங்கள் ஒட்டிப்போயிருந்தன. நேராக அழுத்தி வெட்டிய இரண்டாம் ஈடு அழகாக உயர்ந்தது.

ஜாமை முதலில் தடவி அதன்மேல் கிரீமை வைப்பது கார்ன்வால் வழக்கம். பக்கத்து மாவட்டமான டெவனில் கிரீம்தான் முதலில். கார்ன்வால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது நன்றிகெட்ட செயல்தான் என்றாலும், இவ்வளவு கெட்டியான கிரீமை வழுக்கும் ஜாமின்மீது பரப்ப முயன்று தோற்றபின் நான் டெவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். கூடவே பால் சேர்த்த திடமான அசாம் தேநீர் வேண்டும், இல்லையேல் மூன்றாம் கடியிலேயே திகட்டும்.

எட்டு ஸ்கோன்களுக்கு ஒரு டப்பா சரியாக இருந்தது. திறந்தபின் நெடுநாள் தாங்காது என்பதால் பெரிய அளவாக வாங்கிச் சேமிப்பது வீண். எங்களுக்கு அந்தக் கவலை எழவில்லை: நான் அரை நாள் பாடுபட்டுச் செய்த கேக்கில் பாதி மறுநாள்வரை கிடந்தது; கிரீம் டப்பாவை ஐந்து மணிக்கே கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தோம்.