கல் வேறு, கால்சியம் வேறு: கூண்டுப் பறவைக்கு எதை வைப்பது?

பறவைகள் விழுங்குவதற்காக வைக்கும் சிறு துணுக்குகளுக்குக் கிரிட் என்று பெயர். இந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் விற்பனையாகின்றன. கருங்கல், குவார்ட்ஸ் துணுக்குகள் கரையாதவை. பறவையின் வயிற்றில் உணவை அரைக்கும் பகுதியான அரைவைப்பையில் தங்கித் தானியத்தை நொறுக்கும். சிப்பி, சுண்ணாம்புக்கல் துணுக்குகள் இரைப்பை அமிலத்தில் கரைந்து கால்சியம் தரும். அரைப்பதற்கு அவற்றை நம்ப முடியாது.

எது தேவை என்பதைப் பறவை தின்னும் விதமே காட்டிக்கொடுக்கும். பட்ஜி என்ற சிறு கிளி தினையை நாக்கால் உருட்டித் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். காக்கடீல் என்ற கொண்டைக் கிளி, மற்ற கிளிகள், பின்ச் என்ற சிறு குருவி எல்லாம் அப்படித்தான். இவற்றுக்குக் கரையாத கல் வேண்டாம். தானியத்தை முழுதாக விழுங்கும் புறாவுக்கும் காடைக்கும்தான் அது வேண்டும். தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் கொஞ்சமாக வையுங்கள். நனைந்தாலோ எச்சம் பட்டாலோ கொட்டிவிடுங்கள்.

கிளிக்குக் கல் வைத்தால் பல நாள் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. உடம்பு சரியில்லாத பறவையோ சத்துக் குறைந்த பறவையோ அளவில்லாமல் கல்லைத் தின்னும்போதுதான் வினை. அரைவைப்பை அடைத்துக்கொள்ளும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தின்றதைக் கக்கும், எச்சம் குறையும். உடனே கல்லை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடா, முட்டை ஓடா? இரண்டிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான்; வேறுபாடு கையாளுவதில். கணவாய் ஓட்டை மென்மையான பக்கம் பறவையை நோக்கியிருக்க, உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில், அலகு உயரத்தில் கட்டினால் போதும். வேண்டியபோது தானே சுரண்டிக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, கூரான சில்லு இல்லாமல் நொறுக்க வேண்டும். கொதிக்கவைக்காவிட்டால் சால்மோனெல்லா கிருமி கூடவே வரலாம். கணவாய் ஓட்டைத் தொடாத பறவைக்கு இந்தத் தூள் நல்ல மாற்று. வண்ண மினரல் கட்டிகளுக்கு நாங்கள் தருவது கடைசி இடம்தான்: சிலவற்றில் மணலும் சாயமும் உண்டு, சில கல்லாக இறுகி அலகுக்கே மசியாது.

திரவக் கால்சியத்தைத் தண்ணீரில் கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். முட்டையிடும் பெட்டைக்கும், குறைபாட்டால் வலிப்பு வரக்கூடிய ஆப்பிரிக்க சாம்பல் கிளிக்கும் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். பெட்டை கூண்டுத் தரையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டு, வாலை மேலும் கீழும் ஆட்டினால் முட்டை சிக்கியிருக்கலாம். அப்போது ஓடு, தூள் என்று பார்க்காமல், பறவையைக் கதகதப்பாக வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எதைக் கொடுத்தாலும் வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். விதை மட்டுமே தின்னும் பறவைக்கு இந்தக் கவலை அதிகம். பெல்லட் எனப்படும், சத்துகள் சேர்த்துச் செய்த உருண்டைத் தீவனமே முக்கிய உணவாக இருந்தால் கால்சியம், டி3 இரண்டும் அதிலேயே கலந்திருக்கும்; அதற்கு மேல் டி3 சொட்டு மருந்தும் சேர்த்தால் சிறுநீரகத்தில் கால்சியம் படியக்கூடும்.