மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு: 9 வருடம் கழித்து

2016-இல் ரேடியாலஜி பிஜி (ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மேற்படிப்பு) சேர்ந்த முதல் மாதமே வாங்கினேன். விலை 2,400 ரூபாய். மூன்று துண்டு: கழற்றி மாட்டும் மேல்மூடி, அடிப்பாகம், ஸ்பிரிங் வைத்த கீழ்த்தாடை. எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் சீனியரிடமிருந்து கைமாறி வந்த எலும்பு செட் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பரீட்சை முடிந்த கையோடு ஜூனியரிடம் தள்ளிவிட்டேன். இனி இது எதற்கு என்ற நினைப்புதான்.

எதற்கு என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. எந்த ஓட்டை வழியாக எந்த நரம்பு போகிறது என்ற பட்டியல் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனால் சிடி படத்தில் மண்டையோட்டின் அடித்தளம் வந்ததும் சல்லடையைப் பார்ப்பது போல இருந்தது. எங்கள் பேராசிரியர் திரையில் விரலை வைத்துக் கேட்பார்: "இது எங்கிருந்து வந்து எங்கே போகுது? அதைச் சொல்லு, பேரை அப்புறம் பார்த்துக்கலாம்." அந்தக் கேள்விக்குப் பயந்து வாங்கியதுதான் இந்த மண்டையோடு.

நல்லதை முதலில் சொல்கிறேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஃபோரமென் ஓவேல் வழியாக விட்டுப் பாருங்கள் (ஃபோரமென் என்றால் எலும்பில் உள்ள துளை). குச்சி செங்குத்தாகக் கீழே இறங்கும். இன்னொன்றை ஃபோரமென் ரொட்டண்டத்தில் விடுங்கள். அது முன்பக்கமாக, முகத்தை நோக்கிப் போகும். இவ்வளவுதான் விஷயம். ஓவேல் மேலிருந்து கீழே போவதால்தான் குறுக்குவெட்டுப் படத்தில் அழகான முட்டை வடிவம் தெரிகிறது. ரொட்டண்டம் பின்னிருந்து முன்னே போவதால் அதே படத்தில் சின்ன வாய்க்கால் போலத் தெரியும். அது வட்டமாகத் தெரிய வேண்டுமானால் கொரோனல் படத்துக்கு, அதாவது முகத்துக்கு நேராக நின்று பார்ப்பது போன்ற வெட்டுக்கு, போக வேண்டும். முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாம் நரம்பின் இரண்டு கிளைகள், இரண்டு குச்சிகள். எத்தனையோ நாள் புத்தகத்தோடு மல்லுக்கட்டியும் மண்டையில் ஏறாதது பத்து நிமிடத்தில் ஏறியது.

ஆப்டிக் கெனால், சுப்பீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர், ஹைப்போகிளாசல் கெனால் போன்ற மற்ற நரம்பு வழிகள் எல்லாம் இந்த மாடலில் ஒழுங்காகவே இருக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறைகளுக்கு வருவோம். ஃபோரமென் லாசெரம் பெரிய கிழிசலாக, மேலிருந்து கீழே வரை திறந்து கிடக்கிறது. பார்க்கிற ஜூனியர் எல்லோரும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை அதன் வழியாகத்தான் மேலே ஏற்றுகிறார்கள். உயிருள்ள ஆளுக்கு அந்த ஓட்டையின் கீழ்ப்பகுதியைக் குருத்தெலும்பு அடைத்திருக்கும். தமனி அதன் மேலாகத்தான் கடந்து போகும். இரண்டாம் வருடத்தில் எம்-சீல் பிசைந்து இரண்டு பக்கமும் அடைத்தேன். இன்றுவரை கெட்டியாக இருக்கிறது. அப்புறம், இடது பக்கம் ஃபோரமென் ஸ்பைனோசத்தை (மூளை உறைக்குப் போகும் தமனி நுழையும் துளை) துளைக்கவே மறந்துவிட்டார்கள். ஓவேலுக்குப் பின்னால் வெறும் பிளாஸ்டிக்தான். மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போன் செய்தேன். "டாக்டர், ஒரு ஓட்டைதானே" என்றார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மூளையின் சிரை ரத்தம் வெளியேறும் ஜுகுலர் ஃபோரமென் இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போல ஒரே அளவில் இருப்பதுதான் என்னை ஒருமுறை மாட்டிவிட்டது. நிஜத்தில் பெரும்பாலானவர்களுக்கு வலதுபக்கம்தான் பெரியது, ஏனென்றால் மூளையின் சிரை ரத்தம் பலருக்கு வலதுபக்கமாகத்தான் அதிகம் வடிகிறது. பிஜி இரண்டாம் வருடம், இரவு டியூட்டி. பிரசவமாகிப் பத்து நாளான ஒரு பெண், கடுமையான தலைவலி. சிரைகளைக் காட்டும் எம்ஆர் வீனோகிராமில் இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் என்ற பெரிய சிரையைக் காணவே இல்லை. பிரசவத்துக்குப் பின் சிரையில் ரத்தம் உறைவது பாடப்புத்தகக் கதை ஆயிற்றே. த்ராம்போசிஸ் (ரத்த உறைவு) என்று எழுதிவிட்டுச் சீனியரைக் கூப்பிட்டேன். அவர் வீனோகிராமைப் பார்க்கவே இல்லை. "எலும்பைக் காட்டு" என்றார். அதற்கு முன் எடுத்திருந்த சிடியில் இடது ஜுகுலர் ஃபோரமென் வலதில் பாதிகூட இல்லை. இடது சைனஸ் ஓடும் பள்ளமும் ஆழமில்லை. அது பிறவியிலேயே சின்னச் சிரை. குழாய் சின்னது என்றால் சுவரில் போட்ட துளையும் சின்னதாகத்தானே இருக்கும். சின்னச் சிரையிலும் ரத்தம் உறையலாம் என்பதால் சாதாரண சிடியில் வெளுப்பு தெரிகிறதா, கான்ட்ராஸ்ட் போட்டால் நிரம்புகிறதா என்று பார்த்துத்தான் விட்டோம். இரண்டிலும் உறைவு இல்லை. மறுநாள் என் மண்டையோட்டின் இடது ஜுகுலர் ஃபோரமெனுக்குள் கொஞ்சம் எம்-சீல் அப்பிச் சிறிதாக்கினேன்.

ரத்தக்குழாய் பக்கம் மாடல் கிட்டத்தட்ட பூஜ்யம். நானே வீட்டு வயரிங் கம்பி ஒரு முழம் எடுத்து, சிவப்பு உறையோடு கரோட்டிட் கெனாலில் ஏற்றினேன். நேராக மேலே போகும், சட்டென்று மடங்கி முன்னும் உள்ளுமாகப் படுக்கும், லாசெரத்தைத் தாண்டும், பிட்யூட்டரி உட்காரும் குழிக்குப் பக்கத்தில் ஏறும், முன்னே போகும், பிறகு தன் மேலேயே பின்னால் வளையும். கம்பியை நம் கையால் வளைக்கும்போதுதான் இத்தனை திருப்பம் எதற்கு என்று எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் மறக்காது. பூத்தில்லியேவும் அவர் சகாக்களும் 1996-இல் கரோட்டிட்டைப் பிரித்துச் சொன்ன சி1 முதல் சி7 வரையிலான ஏழு பகுதிகளையும் அந்த உறையிலேயே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். பழைய கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1938-இல் ஃபிஷர் என்பவர் போட்ட எண் வரிசை ரத்தம் ஓடும் திசைக்கு நேர் எதிரானது. முதலில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

கம்பியை ஒட்டினாற்போல ஒரு கறுப்பு நூல் ஓடுகிறது, அது கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு. பிட்யூட்டரிக்குப் பக்கத்தில் உள்ள சிரைக் குழியான கேவர்னஸ் சைனஸுக்குள் கரோட்டிட்டின் பக்கத்திலேயே போவது அது மட்டும்தான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதின் முதல் இரண்டு கிளைகள் எல்லாம் பக்கச்சுவரில் போகின்றன. அவற்றை செலோடேப்பில் ஒட்டியிருந்தேன். வெயிலில் பசை காய்ந்து இரண்டு முறை உதிர்ந்துவிட்டது.

மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேரும் வில்லிஸ் வளையத்தை இதில் செய்ய முயலவில்லை, செய்யவும் கூடாது என்பேன். தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட புத்தகத்தில் படமாக வந்த அந்த முழு வளையம் பாதிப்பேருக்குக்கூட அப்படியே இருப்பதில்லை. மூளையின் பின்பகுதிக்குப் போகும் தமனி, மூளைத்தண்டின் முன்னால் ஏறும் பேசிலர் தமனியிலிருந்து வராமல் கரோட்டிட்டிலிருந்தே வருவது அன்றாடம் பார்க்கிற ஒன்று. கம்பியில் ஒழுங்கான வளையம் செய்து பழகினால், அடுத்த எம்ஆர் ஆஞ்சியோவில் பி1 (அந்தப் பின்பகுதித் தமனியின் முதல் துண்டு) தெரியவில்லை, அடைப்பு என்று எழுதத் தோன்றும்.

நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பித் துளைக்கு வந்து சேரும் வரை தண்ணீரில் மிதக்கும் அந்தக் கொஞ்சதூரத்துக்கு எம்ஆர்ஐ-யின் சிஸ் சீக்வென்ஸ்தான் துணை. தண்டுவடத் திரவம் பளீரென்று வெள்ளை, அதற்குள் நரம்பு கறுப்புக் கோடு. சிக்கல் என்னவென்றால் ரத்தக்குழாயும் கறுப்புக் கோடுதான். முகத்தில் ஷாக் அடிப்பது போன்ற வலியோடு வருபவரின் ஐந்தாம் நரம்பை ஒரு தமனி அழுத்துகிறதா என்று பார்க்க, பக்கத்திலேயே டைம் ஆஃப் ஃப்ளைட் படத்தையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஓடும் ரத்தம் வெள்ளையாகத் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் தமனி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆகவே தொடுவதைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

மாடல் முழுசாகக் கைவிட்டது 2021 மே மாதத்தில். கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னாலேயே கருப்புப் பூஞ்சை வந்தது. சர்க்கரை ஏறி, ஸ்டீராய்டும் எடுத்தவர்கள் வரிசையாகச் சைனஸ் சிடிக்கு வந்தார்கள். இஎன்டி டாக்டர் போனில் ஹலோகூடச் சொல்லாமல் கேட்பார்: "மேடம், பின்னாடி கொழுப்பு எப்படி இருக்கு?" மேல்தாடை சைனஸுக்குப் பின்னால் இருக்கிற கொழுப்பும், அதை ஒட்டிய டெரிகோபாலடைன் ஃபோஸா என்ற சின்னக் குழிக்குள் இருக்கிற கொழுப்பும்தான் அவர் கேட்டது. எலும்பு கொஞ்சமும் அரிக்காமலே பூஞ்சை அங்கே போய்விடும். கறுப்பாகத் தெரிய வேண்டிய கொழுப்பு சாம்பல் நிறமாகக் கலங்கியிருந்தால் கதை மாறிவிட்டது என்று பொருள். ஏனென்றால் அந்தக் குழி ஒரு ஜங்ஷன். அங்கிருந்து ரொட்டண்டம் வழியாக மூளைப்பக்கம், இன்ஃபீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர் வழியாகக் கண், விடியன் கெனால் வழியாகப் பின்னால், பாலடைன் கெனால் வழியாக அண்ணம், எங்கு வேண்டுமானாலும் போகலாம். அடுத்த நிறுத்தம் கேவர்னஸ் சைனஸும் கரோட்டிட்டும்.

என் மண்டையோட்டில் அந்த ஜங்ஷன் ஒரு பள்ளம், அவ்வளவே. விடியன் கெனால் அறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை 2 மில்லிமீட்டர் டிரில் பிட் வைத்துத் துளைக்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த டெரிகாய்டு பிளேட் என்ற மெல்லிய தகடு படக்கென்று ஒடிந்தது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், கொஞ்சம் கோணல். அந்த இடத்தைக் கற்றுக்கொண்டது கடைசியில் நார்மல் சிடிக்களில்தான். கொரோனல் படத்தில் ரொட்டண்டம் மேலும் வெளிப்பக்கமும், விடியன் கீழும் உள்பக்கமும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்லைஸாக முன்னால் நகர்த்தி இரண்டும் ஒரே கொழுப்பில் போய்த் திறப்பதைப் பார்க்கும் வரை விடவில்லை.

உழைப்பைப் பற்றி: மேல்மூடியின் கொக்கி மூன்றாம் வருடமே உடைந்தது, இப்போது ரப்பர் பேண்ட். கீழ் முன்பல் ஒன்றைக் காணோம். வெள்ளையாக இருந்தது வெண்ணெய் நிறமாகிவிட்டது. மற்றபடி சாகாவரம்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கடையிலேயே மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே வைத்துக் கீழிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத துளை துளையே அல்ல. கையில் ஒரு ஈர்க்குச்சியும் கொண்டுபோங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

அந்தத் துளைக்காத ஸ்பைனோசத்தை மட்டும் நான் கடைசிவரை துளைக்கவில்லை. புதிதாகச் சேரும் பிஜி யாராவது குச்சியை வைத்துக் குத்திப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தப் பக்கம் ஓட்டையே இல்லையே, டிஃபெக்ட் பீஸா?" என்று கேட்பார்கள். நான் கேட்பேன்: "பேஷன்டுக்கே இப்படி இருந்தா, நடுக்காதுல எந்தத் தமனியைத் தேடுவ?" கருவிலேயே மறைய வேண்டிய ஸ்டேப்பீடியல் தமனி நடுக்காதில் நின்றுவிட்டால், மூளை உறைத் தமனி அதிலிருந்தே கிளம்பும், ஸ்பைனோசம் இருக்காது. முதல் தடவையிலேயே ஸ்டேப்பீடியல் என்று சொன்னது இதுவரை ஒரே ஒரு பெண்தான்.