டீப் பர்ப்பிள் – 'பர்ன்' (1974)

1973 ஜூனில் ஒசாகா கச்சேரியோடு பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளிலிருந்து பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் குளோவரும் விலகினார்கள். பாடகராக வந்தவர் அதுவரை பெரிதாக அறியப்படாத டேவிட் கவர்டேல். பேஸ் கிட்டாருக்கு டிரபீஸ் குழுவிலிருந்து கிளென் ஹியூஸ், அவரும் பாடக்கூடியவர். குழுவின் சத்தமே மாறியது இதனால்தான்.

'பர்ன்' ஆல்பத்துக்கு இங்கிலாந்தின் கிளியர்வெல் கோட்டையில் ஒத்திகை. நவம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரேயில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டூடியோ வண்டியில் மார்ட்டின் பர்ச் ஒலிப்பதிவு செய்தார்.

தலைப்புப் பாடலில் கவர்டேலின் கனத்த குரலுக்கு மேலே ஹியூஸின் உச்சக்குரல் ஏறி நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். டிரம்மர் இயன் பெய்ஸ் தாளத்தை வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பாட்டு நெடுக உருட்டிக்கொண்டே போகிறார். 'மிஸ்ட்ரீட்டட்' முழுக்கக் கவர்டேலின் குரல். ஏழு நிமிடத்துக்கு மேல், கிட்டாரிஸ்ட் பிளாக்மோரின் நிதானமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மீது அவர் கதறுவது ஆல்பத்தின் உச்சம். 'செயில் அவே'யில் ஃபங்க் (தாளம் தூக்கலான கறுப்பின அமெரிக்க இசை) வாடை. பழைய ரசிகர்கள் பலருக்கு ஒவ்வாதது, எனக்குப் பிடித்தது.

கடைசியில் வரும் 'ஏ 200' பலவீனம். சின்தசைசர் வாத்திய இசைதான், பாட்டாக உருப்பெறவில்லை.

வாங்குவதென்றால் 2004 பதிப்பு. எட்டுப் பாடல்களோடு 'கரோனாரியாஸ் ரெடிக்' என்ற வாத்திய இசையும் நான்கு மறுகலவைகளும் (ரீமிக்ஸ்) உண்டு. முதலில் மூலக் கலவையைக் கேளுங்கள்.