கண்ணிமை வறட்சிக்கு எதைத் தடவுவது: ஜெல்லியா, கிரீமா, ஸ்டீராய்டா, டாக்ரோலிமஸா?

கண்ணிமையின் தோல் வறண்டு, சிவந்து, செதிலாக உரியத் தொடங்கியதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எதைத் தடவினால் சரியாகும் என்பதுதான். கடையில் கிடைப்பதும் மருத்துவர் எழுதித் தருவதுமாக இதற்கு நான்கு வழிகள் உள்ளன: பெட்ரோலியம் ஜெல்லி, ஈரப்பதம் காக்கும் கிரீம், ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் அல்லது பைமெக்ரோலிமஸ் என்னும் ஸ்டீராய்டு அல்லாத மருந்து. இவற்றுள் எது வீரியமானது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார்கள். இமைத்தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. உடலிலேயே மிக மெல்லியது. அதன் மேல் தடவும் பொருள் எளிதில் உள்ளே இறங்கிவிடும். அதற்கு அப்பால் இருப்பது கண். எனவே எது குறைந்த கேட்டோடு தோலைத் தானாக ஆற விடுகிறது என்பதே இந்த ஒப்பீட்டுக்குப் பொருத்தமான அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி பார்த்தால், நான்குக்கும் முன்னால் ஐந்தாவது வழி ஒன்று வந்து நிற்கிறது: தற்போது இமைக்கு வந்து சேருவதை நிறுத்துவது. இமை அழற்சிக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று தொடு ஒவ்வாமை. அதைத் தூண்டும் பொருளை நேராக இமையில்தான் பூசியிருக்க வேண்டும் என்பதில்லை. நகப்பூச்சிலும் ஜெல் நகங்களிலும் உள்ள பிசின்களும் அக்ரிலேட்டுகளும் விரல் கண்ணைத் தொடும்போது இமைக்கு வருகின்றன. விரலின் தோல் தடிப்பானது என்பதால் அங்கே ஒன்றும் தெரியாமல் இமை மட்டும் சிவக்கும். தலைமுடிச் சாயம், ஷாம்புவின் நுரை, வாசனைத் தெளிப்பான், இமைமுடியை வளைக்கும் கருவியின் நிக்கல் ஆகியவையும் இப்படியே. கண் சொட்டு மருந்தைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. அதில் உள்ள நியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியோ பென்சால்கோனியம் குளோரைடு என்னும் பாதுகாப்புப் பொருளோகூட இமையைப் புண்படுத்தலாம். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவரும் பொருள் என்பதால் அது காரணமாக இருக்காது என்ற வாதம் செல்லாது. ஒவ்வாமை எந்த வயதிலும், பழகிய பொருளுக்கும் தோன்றலாம்.

ஜெல்லியையும் கிரீமையும் எதிரெதிரே வைத்தால், இமையைப் பொறுத்தவரை என் சார்பு ஜெல்லியின் பக்கம். பெட்ரோலியம் ஜெல்லி தோலுக்குப் புதிதாக நீரைக் கொடுப்பதில்லை. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவே. ஆனால் நன்கு சுத்திகரித்த, வாசனை சேர்க்காத ஜெல்லியில் வேறு பொருள் ஏதும் இல்லை என்பதால் அதற்கு ஒவ்வாமை ஏற்படுவது மிக அரிது. கிரீமில் நீர் இருப்பதால் கிருமி வளராமல் காக்க ஒரு பாதுகாப்புப் பொருளும், நீரையும் எண்ணெயையும் இணைக்கப் பால்மமாக்கியும் தேவைப்படுகின்றன. சேர்மானம் கூடக்கூட ஒவ்வாமைக்கான வாய்ப்பும் கூடுகிறது. அமெரிக்கத் தொடு தோல் அழற்சிச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவிக்கிறது. 2013இல் அது தேர்ந்தெடுத்தது மீதைல்ஐசோதயாசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளை. 2023இல் மென்மைக்குப் பெயர்போன லானோலினை. இரண்டும் தோல் பராமரிப்புப் பொருள்களில் வெகுவாகப் புழங்கியவை.

ஜெல்லியின் குறை பிசுபிசுப்பு. அதிகமாகத் தடவினால் கண்ணுக்குள் வழிந்து பார்வையைச் சிறிது நேரம் மங்கலாக்கும். ஆகையால் முகம் கழுவிய ஈரம் முற்றிலும் காயும் முன் மிக மெல்லிய படலமாக, இரவில் தடவுவதே ஏற்றது. பகலில் வேண்டுவோர் வாசனையற்ற, செராமைடு கொண்ட எளிய கிரீமை நாடலாம். யூரியா, லாக்டிக் அமிலம், ரெட்டினால் கலந்தவை வேறு இடங்களுக்கு நல்லவையாக இருக்கலாம். புண்பட்ட இமையில் அவை எரியும். இயற்கை எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று கருதுவதும் சரியன்று. ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலிக் அமிலம் தோலின் தடுப்பரணைத் தளர்த்தக்கூடியது. தேயிலை மர எண்ணெயை நீர்க்காமல் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொரு தேர்வு வெந்நீர் ஒத்தடமா, குளிர் ஒத்தடமா என்பது. இதற்கு விடை நோய் இமையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இமைமுடியின் வேரில் பொடுகுபோல் படிந்து, காலையில் கண் ஒட்டிக்கொண்டால் அது இமைக்கரை அழற்சியாக இருக்கலாம். அங்கே அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பிகளை இளக்க இளஞ்சூடான ஒத்தடம் தேவை. மேலிமையின் பரப்பே வறண்டு அரித்தால் சூடு அரிப்பைக் கூட்டும். குளிர்ந்த ஈரத்துணி இதம் தரும். இமைக்கரையைக் கழுவ நீர்த்த குழந்தை ஷாம்புவை நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வந்தார்கள். ஆனால் அத்தகைய ஷாம்புகளில் அடிக்கடி சேரும் கோகமிடோபுரொபைல் பீட்டைன் என்னும் நுரைப்பொருள், 2004இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவிக்கப்பட்டது. வறண்ட இமைக்காரர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி மருந்துகள். வேகத்தில் ஸ்டீராய்டுக்கு நிகரில்லை: 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் சில நாள்களிலேயே சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும். அபாயமும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. மருத்துவர் குறித்த சில நாள்களுக்கு, குறித்த அளவில் பயன்படுத்தினால் கெடுதல் குறைவு. ஆனால் நிறுத்தியதும் நோய் திரும்புகிறது, திரும்பியதும் மறுபடி தடவுகிறார்கள். மாதக்கணக்கில் இது நீளும்போது தோல் மேலும் மெலிந்து இரத்த நாளங்கள் வெளித்தெரிகின்றன, கண்புரை வரலாம், கண்ணின் உள்ளழுத்தம் உயரலாம். கண் அழுத்தம் உயர்வது பெரும்பாலும் வலியின்றி நிகழ்வதால் பார்வை பாதித்த பிறகே தெரியவரக்கூடும். பூஞ்சை, பாக்டீரியா, அரிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாக விற்கப்படும் கலவைக் களிம்புகளை இமையில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் இருக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான வகை. உடன் சேரும் நியோமைசினோ தன்னளவிலேயே ஒவ்வாமைப் பொருள்.

டாக்ரோலிமஸ் களிம்புக்கு 2000ஆம் ஆண்டிலும் பைமெக்ரோலிமஸ் கிரீமுக்கு 2001ஆம் ஆண்டிலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இரண்டும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் கால்சிநியூரின் என்னும் நொதியைத் தடுத்து அழற்சியைத் தணிக்கின்றன. தோலை மெலியச் செய்வதில்லை, கண் அழுத்தத்தை உயர்த்துவதாகவும் அறியப்படவில்லை. அடிக்கடி திரும்பி வரும் இமை அழற்சிக்கு, மருத்துவர் கண்காணிப்பில், ஸ்டீராய்டைவிட இவையே மேலான தேர்வு. முதல் சில நாள்கள் எரிச்சல் இருக்கும். அதை ஒவ்வாமை என்று எண்ணிப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய் அபாயம் பற்றி 2006இல் இவற்றின் உறையில் சேர்க்கப்பட்ட கட்டமிட்ட எச்சரிக்கையும் அச்சத்தை விதைத்தது. அதற்குப் பிறகும் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆயினும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், ஹெர்பிஸ் போன்ற தொற்று உள்ள இடத்திலும் இவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. கண்வலி, பார்வை மங்கல், கொப்புளம், காய்ச்சலோடு ஒரு பக்க வீக்கம் ஆகியவை இருந்தால் எந்தக் களிம்பையும் முயன்று பார்க்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மேலிமை ஊதா நிறம் பெற்று, படியேறவோ கையை உயர்த்தவோ வலுவில்லாமல் போனால் அது தசையையும் தாக்கும் வேறு நோயாக இருக்கலாம்.

காரணத்தைக் கண்டறிவதிலும் இரு வழிகள் உண்டு. அனைத்தையும் நிறுத்தி, தோல் ஆறிய பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது ஒன்று. எளியதுதான், ஆனால் சில வாரங்கள் பிடிக்கும், நகப்பூச்சைப் போல இமையோடு தொடர்புபடுத்தத் தோன்றாத பொருள்கள் தப்பிவிடும். மற்றொன்று பேட்ச் டெஸ்ட். ஒவ்வாமை தரலாம் என்று சந்தேகிக்கும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து அகற்றி, பின்னர் ஓரிரு நாள்கள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அதற்குப் போகும்போது சொந்த ஒப்பனைப் பொருள்களையும், சொட்டு மருந்தையும், இதுவரை தடவிய களிம்புகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் தடவத் தடவ இமை மோசமாகிறது என்பவர்கள் அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சிலருக்கு அந்த ஸ்டீராய்டே ஒவ்வாமைப் பொருளாக இருக்கும். அழற்சியை அடக்கும் தன்மையும் அதற்கே உள்ளதால் சோதனையின் விளைவு தாமதமாகத் தெரியும். அவர்களுக்கு ஏழாம் நாள் வாக்கில் இன்னொரு முறை முதுகைப் பார்க்க வேண்டியிருக்கும்.