துரஹள்ளிப் பாறையில் என் 140 மில்லிமீட்டர் ஃபோர்க்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஞாயிறுதோறும் துரஹள்ளிக் காட்டுக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறவன் நான். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயிலில் 4 வருஷம் ஓட்டி இடுப்பு நொந்த பிறகுதான், பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி வாங்கினேன். பின்பக்கம் 130 மில்லிமீட்டர் வரை அமுங்கும்.

முன்சக்கரத்தைப் பிடித்து அமுங்கும் ஃபோர்க்குக்காக முதலில் போன கடையில், "160 ஃபோர்க் போடுங்க சார், பெரிசுதான் நல்லது" என்றார்கள். அது தவறான யோசனை. 20 மில்லிமீட்டர் கூடினாலே ஹெட் ஆங்கிள் (ஃப்ரேமின் முன்குழாய் நிற்கும் கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். ஃப்ரேமுக்குச் சொல்லப்பட்ட 140-லேயே நின்று ஃபாக்ஸ் நிறுவனத்தின் 34 மாடலை எடுத்தேன். உள்குழாய் 34 மில்லிமீட்டர் விட்டம். என் 64 கிலோவுக்குத் தாராளம்.

முதல் நாள் பாறைப் படியில் இறங்கியபோது மணிக்கட்டு வலித்தது. ஃபோர்க்குக்குள் காற்று அதிகம். ஷாக் பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். உள்குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை சீல்வரை தள்ளிவிட்டு, பெடல்மேல் அசையாமல் நின்று, மெதுவாக இறங்கி அளந்தால், என் எடைக்கு அமுங்கியது 28 மில்லிமீட்டர், 140-இல் ஐந்தில் ஒரு பங்கு. அப்புறம் அதே பாறைப் படியில் கைப்பிடி உதறவே இல்லை!

விலை அதிகம்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கியரில் பிடியுங்கள், ஃபோர்க்கில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சீலில் ஒட்டிய செம்மண்ணைத் துணியால் துடைத்துவிடுகிறேன்.