பிளிங்கோடு ஏழு வருஷம்: ‘மைனர்’ அல்லீல் எங்கே மைனர்?

மரபணுத் தரவை அலசும் பிளிங்க் 1.9 என்ற மென்பொருளை ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். வேகத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கான பேரின் மரபணுத் தரவை என் பழைய லேப்டாப்பிலேயே சட்டென்று முடித்துக் கொடுத்துவிடும். என்னை அழவைத்தது ஏ1, ஏ2 என்ற இரண்டே பத்திகள்தான்.

டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் பிளிங்கின் பிம் கோப்பில் ஒரு வரி. அதில் ஐந்தாவது பத்தி ஏ1, ஆறாவது ஏ2: அந்த இடத்தில் வரக்கூடிய இரண்டு வடிவங்கள், அதாவது அல்லீல்கள். சும்மா விட்டால், நாம் கொடுத்த ஆட்களில் எந்த அல்லீல் குறைவோ (அதாவது மைனர்) அதைத் தூக்கி ஏ1-இல் வைத்துவிடும். ஆட்களை மாற்றினால் ஏ1-உம் மாறிவிடும், மூச்சுக்கூட விடாது.

பெரியவரான பிறகும் பாலைச் செரிக்கவைக்கும் மாற்றம் ஒன்று இருக்கிறது, அதன் அடையாள எண் ஆர்எஸ்4988235. பல நாட்டு மக்களின் டிஎன்ஏவைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தின் 2504 பேரில், யூட்டாவில் சேகரித்த ஐரோப்பிய வம்சாவளியினரை மட்டும் பிரித்து ஓட்டிப் பாருங்கள்: செரிக்கவைக்கும் ‘ஏ’ சுமார் நான்கில் மூன்று பங்கு, ஆகவே ‘ஜி’ மைனர், அதுதான் ஏ1. (ஏ1 வேறு, ஏ அல்லீல் வேறு, பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.) அதே தொகுப்பில் எஸ்டியூ, அதாவது பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர், அவர்களை மட்டும் எடுத்தால் தலைகீழ், ‘ஏ’தான் மைனர். 26 மக்கள்கூட்டங்களையும் ஒன்றாகக் கொட்டினாலும் ‘ஏ’தான் மைனர். போதாததற்கு, கட்டுரைகளில் இதே இடம் சி, டி என்று வரும், ஏனென்றால் அந்த ஜீன் டிஎன்ஏவின் எதிர் இழையில் இருக்கிறது, அங்கே ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி.

ஒருமுறை இரண்டு இடத்து முடிவுகளைச் சேர்த்தபோது ஒன்றில் ஆட்ஸ் ரேஷியோ (ஏ1 இருந்தால் நோய் வாய்ப்பு எத்தனை மடங்கு என்ற எண்) 1.3, மற்றதில் 0.77. ஒரு ஊரில் நோயைக் கூட்டுவது இன்னொரு ஊரில் காக்கிறதா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், அப்புறம்தான் 1-ஐ 1.3-ஆல் வகுத்துப் பார்த்தேன்: அதே 0.77, ஏ1 மட்டும்தான் இடம் மாறியிருந்தது. அன்றிலிருந்து, அல்லீல் வரிசையை மாற்றாதே என்று சொல்லும் கீப்-அல்லீல்-ஆர்டர் இல்லாமல் ஒரு கட்டளையும் அடிப்பதில்லை. ஏ/டி, சி/ஜி ஜோடிகளில் மைனர் விகிதம் 0.4-ஐத் தாண்டினால் யோசிக்காமல் தூக்கிவிடுகிறேன், இழை மாறியதா அல்லீல் மாறியதா என்று விகிதத்தை வைத்து அங்கே சொல்லவே முடியாது.

எல்லோரும் ஒப்பிடும் மாதிரி ஜீனோமான ரெஃபரன்ஸில் இருப்பதுதான் மேஜர், அதாவது பெரும்பான்மை என்று நினைத்தாலும் மாட்டிக்கொள்வோம். அதன் 37-ஆம் பதிப்பான ஜிஆர்சிஎச்37-இல் எஃப்5 ஜீனின் ஆர்எஸ்6025 இடத்தில் ரெஃபரன்ஸாக உட்கார்ந்திருந்தது ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் லைடன் அல்லீல், உலகில் எங்கு பார்த்தாலும் அது சிறுபான்மை. 38-இல் சரிசெய்துவிட்டார்கள்.

அல்லீல் விகிதம் பார்க்க நோமேட் என்ற பொதுத் தரவுத்தளம் அருமை, ஆனால் எல்லோரையும் சேர்த்துக் காட்டும் மொத்தப் பத்தியை நம்பாதீர்கள். நான்காம் பதிப்பின் 8,07,162 பேரில் 4,16,555 பேர் பிரிட்டனின் யூகே பயோபேங்க் தொகுப்பிலிருந்து வந்தவர்கள், அதனால் ‘மொத்தம்’ என்பதில் ஐரோப்பாவின் கை ஓங்கியே இருக்கும். இதயத்தசை நோயோடு தொடர்புள்ள எம்ஒய்பிபிசி3 ஜீனின் 25 எழுத்து நீக்கம் தெற்காசியர்களில் சுமார் 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது, மொத்தப் பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு அது அபூர்வமாகத் தெரியும். தெற்காசியப் பத்தியிலும் பஞ்சாபியும் தமிழரும் ஒரே மூட்டைதான்.

பிளிங்க் 2 இந்த மாற்றிவைக்கும் வேலையைச் செய்வதில்லை, ரெஃபரன்ஸ் எது என்று ஒழுங்காக நினைவில் வைத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக அதற்கே போங்கள். நான் இன்னும் முழுசாக மாறவில்லை, பழைய ஸ்கிரிப்டுகள் பாதி 1.9-ஐ நம்பித்தான் ஓடுகின்றன.