டாச்சுன் ஓடை முகாம் தளம்: பல கோடைகள் தங்கிய அனுபவம்

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில், வைட்ஹார்ஸிலிருந்து டாசன் நகருக்குச் செல்லும் வடக்கு குளோன்டைக் நெடுஞ்சாலையில், கார்மாக்ஸ் ஊரைக் கடந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் சாலையை ஒட்டியே இருக்கிறது டாச்சுன் ஓடை முகாம் தளம். வைட்ஹார்ஸில் வசிக்கும் நாங்கள் குடும்பமாகப் பெரும்பாலான கோடைகளில் இங்கு வந்து தங்குகிறோம். டாசனுக்குப் போகிறவர்களில் பலர் இரவு படுத்து விடியலில் கிளம்பும் இடமாக மட்டுமே இதைக் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் இது குறைந்தது இரண்டு நாள்களாவது தங்கிப் பார்க்க வேண்டிய ஓடை. ஆனால் எந்த மாதத்தில் வருகிறோம் என்பதைப் பொறுத்து, எங்கே சமைப்பது, எங்கே படுப்பது, ஓடையை எவ்வளவு நெருங்குவது என்பவை எல்லாமே மாறும்.

வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரதேச அரசு நடத்தும் தளம் இது. கூடாரத்துக்கும் வண்டிக்குமான இடங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றிலும் ஒரு மேசையும் தீ மூட்டும் வளையமும் உண்டு. மின்சாரம், குளியலறை, குழாய்த் தண்ணீர் ஆகியவற்றை எதிர்பார்க்கக் கூடாது. குழிக் கழிப்பறையும் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியும் இருக்கின்றன. விறகுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டைகள் பெரியவை, அவற்றைப் பிளக்க ஒரு கோடரி கையில் இருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். என் கைபேசியில் இங்கே சமிக்ஞை கிடைத்ததே இல்லை.

இடம் தேர்ந்தெடுப்பதில் சற்றுக் கவனம் தேவை. நெடுஞ்சாலை மிக அருகில் இருப்பதால் லாரிகளின் ஓசை கேட்கத்தான் செய்யும். வடக்கே இருக்கும் மின்டோ செப்புச் சுரங்கம் 2023 மே மாதம் நிறுத்தப்படும் வரை அதன் தாது இதே சாலை வழியாகத்தான் தெற்கே சென்றது. அதன் பிறகு இரவுகள் ஓரளவு அமைதியடைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஓடைக்கு அருகிலுள்ள இடங்களில் நீரோட்டத்தின் சத்தம் வண்டிகளின் ஓசையைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. ஆகவே ஜூன் மாதத்திலும் செப்டம்பரிலும் நான் ஓடைப் பக்கத்தையே தேடுவேன். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அப்படிச் செய்வதில்லை.

அதற்குக் காரணம் சினூக் சால்மன். பெரிங் கடலிலிருந்து யூக்கான் ஆற்றை எதிர்த்து 2,000 கி.மீ.க்கும் மேல் நீந்தி வரும் இம்மீன்களில் ஒரு பகுதி இந்தச் சிறிய ஓடைக்குள் திரும்பி முட்டையிடுகிறது. ஆற்று நீருக்குள் நுழைந்தபின் அவை உண்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே இவ்வளவு தூரத்தையும் கடக்கின்றன. பெண் மீன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்து முட்டையிடுகிறது, ஆண் மீன் அதைக் கருவுறச் செய்கிறது, பின்னர் இரண்டும் இறந்துபோகின்றன. முட்டைகள் குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில், கற்களின் இடுக்கில் உயிரோடு இருக்கின்றன. மீன் வரும் காலத்தில் கரடிகளும் வரும் என்பதால் ஆகஸ்டில் கரையோரப் புதர்களுக்குள் தனியாகப் போவதில்லை. சமையல் பாத்திரங்களும் மசாலாப் பெட்டியும் வண்டிக்குள்ளேயே இருக்கும். தாளித்தபோது போட்டிருந்த உடையோடு கூடாரத்தில் படுப்பதும் இல்லை. கரடியை விரட்டும் மிளகுக் காரத் தெளிப்பானான கரடி ஸ்பிரேயைப் பைக்குள் வைக்காமல் இடுப்பிலேயே வைத்திருப்பது நல்லது. அந்த வாரங்களில் வருபவர்கள் கூடாரத்தை விடக் கடினச் சுவருள்ள வண்டியில் தங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

இன்னொரு வேண்டுகோளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓடையின் கூழாங்கற் படுகையில் கால் வைத்து நடக்காதீர்கள், குழந்தைகளையும் நாய்களையும் அங்கே இறங்க விடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் கற்களாகத் தெரியும் இடத்தில்தான் முட்டைகள் இருக்கின்றன. யூக்கான் ஆற்றின் சினூக் மீன்களின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் மிக மோசமாகச் சரிந்துவிட்டதால், கனடாவும் அலாஸ்காவும் 2024 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்து, இம்மீனின் ஒரு தலைமுறைக் காலமான ஏழு ஆண்டுகளுக்குப் பிடிப்பை நிறுத்தியுள்ளன. கனடாவுக்குத் திரும்பும் மீன்களின் எண்ணிக்கையை 71,000க்கு உயர்த்துவது இலக்கு. இந்த நிலம் லிட்டில் சால்மன்/கார்மாக்ஸ் முதற்குடியினரின் பாரம்பரிய எல்லைக்குள் வருகிறது. வடக்கு டச்சோனி மொழியினரான இவர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து உலர்த்தி வாழ்ந்த ஆறு இது. அவர்களே வலையை ஒதுக்கி வைத்திருக்கும்போது, விடுமுறைக்கு வரும் நாம் ஒரு படுகையை மிதிக்காமல் இருப்பது பெரிய தியாகம் அல்ல.

கொசுத் தொல்லை ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை உச்சத்தில் இருக்கும். தலையை மூடும் வலையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அந்த நாள்களில் வரவே கூடாது. எனினும் ஜூன் மாத ஒளிக்காக நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன். கோடைக் கதிர்த்திருப்ப நாளையொட்டி இங்கே ஏறத்தாழ 20 மணி நேரம் சூரியன் தெரிகிறது, மீதி நேரமும் அந்திபோலவே வெளிச்சமாக இருக்கிறது. வெள்ளை ஸ்புரூஸ் மரங்களுக்கு இடையே ஸ்வெயின்சன் பாடும்பறவை நள்ளிரவிலும் பாடிக்கொண்டிருக்கும். குழந்தைகள் தூங்க மறுப்பார்கள். கண்களை மூடிக் கட்டத் துணிகள் கொண்டு வாருங்கள். ஓடைக்கரையில் வில்லோவும் ஆல்டரும், சற்றுத் தள்ளி ஆஸ்பெனும், அவற்றினடியில் காட்டு ரோஜாவும் சோப்பெரிப் புதர்களும் வளர்கின்றன. ஜூலையில் பழுக்கும் சோப்பெரி கரடிகளுக்குப் பிடித்த உணவு, ஆகவே சிவந்த பழங்கள் கண்ணில் பட்டாலே குரல் கொடுத்துக்கொண்டு நடக்கிறோம்.

அருகில் பார்க்க வேண்டிய ஒன்று, ஆறு சீறிப் பாயும் ஐவிரல் பாய்ச்சல் (Five Finger Rapids). முகாமுக்குச் சில கி.மீ. முன்பே, ஆற்றின் நடுவே நிற்கும் நான்கு பாறைத் தீவுகள் யூக்கான் ஆற்றை ஐந்து கிளைகளாகப் பிரிக்கின்றன. சாலையோரத்திலிருந்து 200க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, காட்டு வழியில் நடந்தால் பாய்ச்சலுக்கு நேர் மேலே போய் நிற்கலாம். துடுப்புச் சக்கரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், அவை இந்த இடத்தில் கம்பிவடத்தால் இழுக்கப்பட்டே எதிர்நீரில் ஏறின. இப்பகுதியில் சாலை வெட்டப்பட்ட மண்சரிவுகளைக் கவனித்தால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவது தெரியும். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா எல்லையருகே வெடித்த எரிமலையின் சாம்பல் அது.

ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் என்பவர்களுக்கு நான் செப்டம்பர் முதல் இரு வாரங்களைச் சொல்வேன். கொசு இருக்காது, ஆஸ்பென் இலைகள் முழு மஞ்சளாகியிருக்கும், இரவு இருட்டுவதால் வானம் தெளிந்த நாள்களில் வடதுருவ ஒளியும் தெரியும். விடியலில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் என்பதால், மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும் உறங்குபை கட்டாயம். பின்தங்கி வரும் கரடிகள் இருக்கக்கூடும், எனவே உணவு விதிகளில் தளர்வு கூடாது. இந்தத் தளத்தின் பருவம் செப்டம்பர் கடைசியோடு முடிந்துவிடும். எரிபொருளையும் உணவையும் கார்மாக்ஸிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; வடக்கே அடுத்த ஊரான பெல்லி கிராசிங் இங்கிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது.